தையல் பிரிந்துவிடும் என்று மகளைப் படுக்கவைக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு சிசேரியன் ஆகி ஒன்பது நாள். நடந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பாத்ரூமுக்கு மட்டும்தான் எழவிடுகிறேன். தண்ணீர் அதிகம் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்றார்கள்; அளவாகத்தான் கொடுக்கிறேன். மலம் போக முடியாமல் அழுகிறாள். நான் செய்வது சரியா?

பதில்: அம்மா, மகள் மேல் உள்ள பயத்தில்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் இரண்டையும் இன்றைக்கே மாற்றுங்கள்.

வெளியே தெரிவது தோலின் தையல் மட்டும். அதற்கு அடியில், வயிற்றைத் தாங்கும் சவ்வை வலுவான நூலால் தனியாகத் தைத்திருப்பார்கள். வீட்டுக்குள் நடந்தால் அது பிரியாது. படுத்தே கிடப்பதில்தான் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கு ரத்தம் எளிதாக உறையும். அசையாத காலில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆன ஒரு நாளுக்குள் நர்ஸ் எழுப்பி நடக்கவைப்பது இதற்காகத்தான்.

எழுப்பும் விதம் முக்கியம். மல்லாந்து படுத்திருப்பவளைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி ஒருக்களிக்கட்டும், கால்களைக் கட்டிலுக்கு வெளியே விடட்டும், கையை ஊன்றி எழட்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நிற்கலாம். இருமல் வந்தால் சின்னத் தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். குழந்தையை விடக் கனமானது எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம்.

சீழ் வருவது கிருமியால், தண்ணீரால் அல்ல. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். கீரை, பழம் கொடுங்கள். பூண்டுக் குழம்பும் தாராளமாகக் கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும், ஆனால் அதை நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மலமிளக்கி உண்டு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

குளித்ததும் தையலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அடிவயிறு மடிந்து மூடும் இடத்தில்தான் ஈரம் தங்கும், அதைத் தூக்கிப் பாருங்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து நீர் கசிவது, பிறப்புறுப்பிலிருந்து நாற்றமுள்ள போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலச்சிக்கலுக்கு மட்டும்தான் அழுகிறாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால், தூக்கமே வராவிட்டால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.