எழுத்தா, போட்டோவா, படமா? டர்பனிலிருந்து கேள்வி பதில்

கட்டுரை எழுதுவதும் போட்டோ எடுப்பதும் ஆவணப்படம் செய்வதுமாக தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருஷமாகப் பிழைக்கிறேன். இந்த மூன்றிலும் காலூன்ற நினைக்கும் நம் பிள்ளைகளும் பெரியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவர் ஊர்.

சாட்ஸ்வர்த், 24 வயது: அக்கா, கதை எழுதுறேன், போட்டோ எடுக்கிறேன், குறும்படமும் செய்யணும். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்"னு அம்மா திட்டுறாங்க. ஒண்ணைத்தான் பிடிக்கணுமா?

தொழில் மூன்றாக இருக்கட்டும், தங்கை. சொல்ல எடுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றாக இருக்கட்டும். ரோனி கோவிந்தரைப் பார். டர்பனின் காட்டோ மேனரில் பிறந்தவர். ஆசிரியர், பத்திரிகைக்காரர், நாடகாசிரியர். நிறவெறிச் சட்டம் குடிபெயர்த்துச் சிதறடித்த அந்த ஊரைச் சிறுகதையாக எழுதினார். அந்தக் கதைகளே மேடையும் ஏறின. ஊர் ஒன்று, வடிவங்கள் இரண்டு.

உனக்குக் காவடி கட்டும் ஒரு பாட்டியைத் தெரியும் என்று வை. மூங்கிலை வளைப்பது, சாமந்தியை நூலில் கோப்பது, மயிலிறகைச் செருகுவது என்று அவர் கையை மட்டும் நாலைந்து நாள் போட்டோ எடு. அவர் பேச்சைப் பதிவு செய்து கட்டுரையாக்கு. அதே குரலை வைத்து ஆறு நிமிஷப் படம் செய். ஒரே பழக்கத்தில், ஒரே நம்பிக்கையில் மூன்று வேலை கிடைக்கும். மூன்று வெவ்வேறு விஷயத்தை மூன்று கருவியால் தொட்டால்தான் அம்மா பயப்படுவது நடக்கும்.

ஃபீனிக்ஸ்: காவடிக்குப் போட்டோவும் வீடியோவும் சேர்த்து எடுத்தேன். போட்டோ அருமை. வீடியோவில் வெளியே எல்லாம் வெளுத்துப்போச்சு, மண்டபத்துக்குள்ளே லைட் துடிக்குது. ஏன் அக்கா?

மண்டபத்துக்குள்ளே போட்டோவுக்கு வைத்த ஷட்டர் வேகத்திலேயே வீடியோவும் எடுத்திருப்பாய், தம்பி. லைட் துடிப்பது அதனால்தான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வை. பெரும்பாலான டியூப்லைட்டில் துடிப்பு அடங்கிவிடும். வெளியே வெளுத்ததற்குக் காரணம் வேறு. டர்பன் வெயிலில் 1/50 மாதிரி மெதுவான ஷட்டர் என்றால் படம் வெளுக்கத்தான் செய்யும். அதற்கு லென்ஸ் முன்னால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட வேண்டும். போட்டோவுக்குத் திரும்பும்போது அதைக் கழற்றிவிட்டு 1/500-க்குப் போ.

உறுமி உச்சத்தில் அடிக்கும்போது கேமராவின் ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள். வெடித்த ஒலியைப் பின்னால் சரிசெய்ய முடியாது. அருள் வந்து நிற்பவர் முகத்தைக் கிட்டத்தில் எடுத்திருந்தால், அவர் தெளிந்த பிறகு காட்டிக் கேட்டுவிட்டு வெளியிடு. கோயில் கமிட்டி தந்த அனுமதி அவருடைய அனுமதி ஆகாது.

லெனேசியா: ஒரு கம்பெனிக்காகக் கட்டுரையும் எழுதி, போட்டோவும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் போட்டோக்களை என் கண்காட்சியில் வைக்கலாமா?

இந்தக் கேள்வியை எல்லாரும் படிக்க வேண்டும். "எடுத்தவருக்கே உரிமை" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 21-ஆம் பிரிவு, வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் காசு கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, போட்டோவோ படமோ எடுக்கச் சொன்னால் உரிமை அவருக்கே போகும். கட்டுரைக்கு அந்த விதி கிடையாது. நீங்கள் அங்கே சம்பள ஆளாக இல்லாதவரை, கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய அது உங்களுடையதுதான். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே பில். எழுத்து உங்களுக்கு, படம் அவர்களுக்கு!

ஆனால் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் இதை மாற்றிக்கொள்ளலாம். நான் இப்படித்தான் எழுதி வாங்குவேன்: "காப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கும். வாடிக்கையாளர் தம் இணையதளத்திலும் அச்சு விளம்பரத்திலும் இரண்டு ஆண்டு பயன்படுத்தலாம். படம் எடுத்தவர் கண்காட்சியிலும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம்." இரண்டு பேர் கையெழுத்தும் முதல் படம் எடுப்பதற்கு முன்பே விழ வேண்டும். உங்கள் விஷயத்தில் வேலை முடிந்துவிட்டது. கம்பெனியிடம் கண்காட்சிக்கு மட்டும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பணம் கேட்காத அனுமதியைப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

டோங்காட்: எந்த கேமரா வாங்கலாம்?

இருக்கிற போனே போதும். காசு இருந்தால் நல்ல காலர் மைக் வாங்கு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், 52 வயது: வேலையை விடாமல் இந்த வயதில் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக ஆரம்பியுங்கள் அண்ணா. 1925-இல் இசிபிங்கோவில் பிறந்த ரஞ்சித் கல்லி, ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே போட்டோ பழகியவர். 1950-களில் 'டிரம்' பத்திரிகைக்கு வந்தார். நிறவெறி எதிர்ப்புத் தலைவர் லுத்துலியையும் டர்பன் இந்தியர் வாழ்க்கையையும் அவர் எடுத்த படங்கள் இன்று வரலாறு. முதல் தனிக் கண்காட்சி 2004-இல், 80-ஐ நெருங்கும் வயதில்தான் அமைந்தது. சம்பளம் வரும்போது பழகுவது பெரிய வசதி. வாடகைக்காக வந்த வேலையையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

வெருலம்: எங்க கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்த கதையைப் படமா எடுக்கணும். வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல.

போட்டோ இல்லாவிட்டால் என்ன, பதிவேடு இருக்கிறதே. 1860 நவம்பர் 16-இல் மெட்ராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் பேர், தகப்பன் பேர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். வீட்டில் பழைய பத்திரங்களில் அந்த எண் கிடைக்கிறதா என்று முதலில் தேடு. பிறகு டர்பனில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கும் 1860 பாரம்பரிய மையத்துக்கும் போ. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் பேர் உருமாறி இருக்கும்; வாய்விட்டுப் படித்துப் பார். அந்த ஒரு வரியைத் திரையில் காட்டி, உன் பாட்டியையே படிக்கச் சொல். படம் அங்கேயே தொடங்கிவிடும்.

சாட்ஸ்வர்த்: எங்கே கற்றுக்கொள்வது? யாரிடம் காட்டுவது?

போட்டோவுக்கு, ஜோஹன்னஸ்பர்க்கில் போட்டோகிராஃபர் டேவிட் கோல்ட்பிளாட் 1989-இல் தொடங்கிய மார்க்கெட் போட்டோ ஒர்க்ஷாப் என்ற பள்ளி. படத்துக்கு, 1979 முதல் நடக்கும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா. அதையொட்டி 2010 முதல் ஃபிலிம்மார்ட் என்ற படச் சந்தை நடக்கிறது. தயாரிப்பாளர்கள் வருகிற இடம். முதல் வருஷம் எதையும் விற்க நினைக்காமல் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் தங்கள் படத்தை எப்படி எடுத்துச் சொல்கிறார்கள் என்று கேள்.

ஃபீனிக்ஸ்: கல்யாணத்துக்கு டிரோன் விடலாமா?

காசு வாங்கினால் அது வணிகம். சிவில் ஏவியேஷன் ஆணையத்தின் உரிமம் வைத்திருக்கும் ஒருவரை வாடகைக்கு அமர்த்திக்கொள்.

லெனேசியா: வரி?

சொந்தத் தொழில் வருமானத்துக்கு வரித்துறையான சார்ஸிடம் ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தொழில் காசுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒவ்வொரு பில் காசு வரும்போதும் வரிப் பங்கை ஒதுக்கிவிடுங்கள். லென்ஸ், மைக், பயணச் செலவு ரசீதுகளை அன்றன்றே போனில் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும்.