பின் சீட்டில் உட்கார்ந்து போனவளின் பதில்

கேள்வி: "மனைவியையும் ஏற்றிக்கொண்டு பைக்கில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் டூர் போகலாம் என்றிருக்கிறேன். வண்டியும் முதுகும் தாங்குமா?"

வண்டி தாங்கும். முதுகு என்றீர்களே, அது யார் முதுகு? உங்களுடையதா, அவருடையதா? கேள்வியில் அது இல்லை. அதற்காகத்தான் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் கேள்விக்கு ஓட்டினவர்கள்தான் பதில் எழுதுவார்கள். நான் பின்னால் உட்கார்ந்து போனவள்.

உங்களுக்கு முப்பதுக்குள் இருக்கும், புது வண்டி வாங்கியிருப்பீர்கள், வீட்டில் "கார்லயே போலாமே" என்றிருப்பார்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். எனக்கு அப்போது 46, எங்க வீட்டுக்காரருக்கு 51. நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறோம். ஊரைத் தொட்டுப் போகிற பைபாஸ்தான் என்.எச். 44, பழைய ஆட்கள் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்பார்கள். தெற்கே கன்னியாகுமரி, வடக்கே ஸ்ரீநகர், மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். கடைக்கு வருகிற டிரைவர்கள் நாக்பூர், குவாலியர், பதான்கோட் என்று பக்கத்துத் தெரு மாதிரி பேசுவார்கள். கல்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு, இந்த ரோடு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. இதை அவரே ஒத்துக்கொள்வார், தனியாகக் கேட்டால்.

2022இல் விஜயதசமிக்கு மறுநாள் விடியற்காலை எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். 350 சிசி வண்டி, ஏழு வருடப் பழசு. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர், இருட்டினால் ஓட்டக் கூடாது. இவ்வளவுதான் திட்டம்.

மூன்றாம் நாளே திட்டம் உடைந்தது. அனந்தபூர் தாண்டி ஒரு மணி நேரத்தில் எனக்கு வால் எலும்பில் குத்த ஆரம்பித்தது. ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஹேண்டில் இருக்கிறது, முன்னால் ரோடு தெரிகிறது, பள்ளம் வந்தால் உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் இருக்கிறவளுக்குத் தெரிவது ஹெல்மெட்டின் பின்பக்கம்தான். பள்ளம் வந்தது முதுகுத்தண்டுக்குள் ஏறின பிறகுதான் தெரியும். நிறுத்துங்கள் என்றேன். "பத்து கிலோமீட்டர்ல நல்ல ஓட்டல் இருக்கு" என்றார். அந்தப் பத்து கிலோமீட்டர் நாற்பது ஆனது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பையன் சாப்பிடப் போயிருந்தான். நான் வேப்பமரத்தடியில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கர்னூலில் பஸ் ஏற்றி விடுங்கள், நான் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா மிரட்டவில்லை, போயிருப்பேன்.

அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே வந்து, "சரி, எப்ப நிறுத்தணும்னு இனி நீயே சொல்லு" என்றார். தோளில் ஒரு தட்டு தட்டினால் வேகம் குறைக்க வேண்டும். இரண்டு தட்டினால் ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்த வேண்டும், ஓட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஸ்ரீநகர் வரை அது மாறவில்லை. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான், மீதியெல்லாம் என் கதை.

தெலங்கானாவில் நிர்மல் பக்கம் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்ததும் முதலில் மோப்பம் பிடித்தது நான்தான். பை சரிந்து சைலன்சரில் உட்கார்ந்து, அவருடைய ஸ்வெட்டரில் பாதி உருகியிருந்தது. கட்டினது அவர். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை.

டோல்கேட்டில் இரு சக்கர வண்டிக்குக் காசு இல்லை, இடது ஓரத்தில் குறுகலாக ஒரு வழி விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பை தொங்கினால் அதில் நுழையாது. ஒவ்வொரு கேட்டிலும் நான் இறங்கி, ஒரு பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். எத்தனை கேட் என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டில் ரோட்டைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டிருக்கிறார்கள், புலியும் மானும் கீழே போய் வர. ஒன்றும் கண்ணில் படவில்லை. சிவனிக்குப் பக்கத்தில் ஒரு தாபாவில் பட்டது வேறு: ஒரு ரிக் வண்டி, அதன் நெற்றியில் தமிழில் "அர்த்தநாரீஸ்வரர் துணை". என் பிறந்த ஊர் திருச்செங்கோடு. அந்த ஊர் போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கக் குழாய் இறக்குகின்றன என்பது தெரிந்ததுதான். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் வெயிலில் நின்று அந்த எழுத்தைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. அந்த வண்டி ஆட்களின் ஸ்டவ்வில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்கக்கா, பைக்லயேவா வந்தீங்க?" என்று தட்டைக் கொடுத்த பையன், நான் உட்காரும்போது பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டான். வண்டிக்குள் தேடி ஒரு பழைய ஸ்கூட்டர் டியூபை எடுத்து, பாதிக்கும் குறைவாகக் காற்றடித்து, துண்டைச் சுற்றி சீட்டில் கட்டிவிட்டான். வளையத்தின் நடுவில் வால் எலும்பு எதிலும் படாது. அன்றிலிருந்து தோளில் தட்டவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை மணி நேரம் தாங்கினேன். தயவுசெய்து முழுசாகக் காற்று அடிக்காதீர்கள், பந்து மேல் உட்கார்ந்த மாதிரி ஆடும். ஜம்மு தாண்டி மலை ஏறினபோது அதுவே கொஞ்சம் உப்பியது, காற்றை இறக்கிக்கொண்டேன்.

உடம்பில் பாதியைக் கொடுத்த சாமி பெயரைப் போட்ட வண்டியிலிருந்து அது கிடைத்தது என்று அவரிடம் சொல்லிக் காட்டினேன். சீட்டில் எனக்கு வந்தது கால்வாசி.

ஜம்முவில் நுழைந்ததும் நம் ஊர் பிரீபெய்டு சிம் செத்துவிடும், போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள். செனானி–நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், உள்ளே புகை கண்ணை எரிக்கும். ஆப்பிள் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். அனந்தநாக் பக்கம் ரோட்டோரம் கிரிக்கெட் பேட்டுக்கு வெட்டின மரத்துண்டுகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். பதினேழாம் நாள் பாம்போரில், ஸ்ரீநகர் கண்ணுக்கெட்டுகிற தூரத்தில், நான் இரண்டு தட்டு தட்டினேன். வலிக்காக இல்லை. குங்குமப்பூ வயலில் பூ எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஊதா நிறப் பூ, தரையோடு தரையாக, ஒவ்வொன்றிலும் மூன்று சிவப்பு இழை. ஒரு அம்மாள் குனிந்தபடியே பறித்துப் போனாள். எனக்கு அவள் முதுகுதான் ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது.

வண்டியை ஜம்முவில் ரயில் பார்சலில் போட்டுவிட்டு ரயிலிலேயே திரும்பினோம். தீபாவளிக்கு ஊரில் இல்லை என்று சொந்தத்தில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். அது கூடப் பரவாயில்லை. ஊரில் ஒரு சங்கத்தில் அவருக்குப் பாராட்டு வைத்தார்கள். பொன்னாடை அவருக்கு. "மனைவியையும் சுமந்துகொண்டு காஷ்மீர் வரை" என்று மைக்கில் சொன்னார்கள். என் கையில் பழத்தட்டைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். உங்கள் "ஏற்றிக்கொண்டு" என்னை ஏன் இவ்வளவு நேரம் விழிக்க வைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடை போர்டில் அவர் அப்பா காலத்திலிருந்து "அண்ட் சன்ஸ்" என்று இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள். பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுவது நான். போர்டு மாற்ற நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கார்தான் பாதுகாப்பு என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், கார்தான் பாதுகாப்பு. டிஸ்க் பிரச்சினை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். புருஷனைக் குறை சொல்கிறாள் என்பவர்களுக்கு: அவர் நல்லவர், இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஜான்சிக்கு முன்னால் பஞ்சர் ஒட்டினதையும் எழுதச் சொல்கிறார்.

சரி, எழுதிவிட்டேன். ஒட்டினது அவர். டார்ச் பிடித்தது நான்.