மெயின் டேங்கில் எரிபொருள் இருக்க, என்ஜின் ஏன் அணைந்தது?

கேள்வி: சிமுலேட்டரில் ஈசி135 ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பினேன். செட்டிநாட்டில் இருக்கும் உலகப்போர்க் காலத்து ஓடுபாதையில் இறங்குவதாகத் திட்டம். பிள்ளையார்பட்டிப் பக்கம் ஒரு சுற்று சுற்றித் திரும்பும்போது இரண்டாவது என்ஜின் அணைந்தது, சற்று நேரத்தில் முதலாவதும். மெயின் டேங்கில் பாதிக்கு மேல் எரிபொருள் காட்டியது. இது மென்பொருள் கோளாறா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: மென்பொருளைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மெயின் டேங்கிலிருந்து எரிபொருளை ஏற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் பம்புகள் இரண்டும் ஓடவில்லை. அநேகமாகக் கிளம்பியதிலிருந்தே.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமான மகன்களை ‘வேறு வைப்பது’ உங்களுக்குத் தெரியும். வீடு ஒன்று, அடுப்பு தனித்தனி. அப்படி ஒரு வீட்டில் தரைக்குக் கீழே பொதுவாக ஒரு பெரிய தொட்டி, மாடியில் அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்று இரண்டு சின்னத் தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வருவது மாடித் தண்ணீர்தான். மோட்டார் போடாவிட்டால், கீழே தொட்டி நிரம்பிக் கிடந்தாலும் மேலே குழாய் காற்றைத்தான் கக்கும்.

ஈசி135-இல் கீழ்த்தொட்டிதான் மெயின் டேங்க், மாடித் தொட்டிகள் இரண்டு சப்ளை டேங்குகள். ஒவ்வொரு என்ஜினும் தன் சப்ளை டேங்கிலிருந்து மட்டுமே குடிக்கும். மெயின் டேங்கின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு டிரான்ஸ்ஃபர் பம்புகள் உண்டு. என்ஜின்கள் எரிப்பதைவிட அதிகமாகவே அவை ஏற்றும், மிஞ்சியது வழிந்து மெயின் டேங்குக்கே திரும்பிவிடும். அதனால் மெயின் டேங்க் காலியாகும் வரை சப்ளை டேங்குகள் நிரம்பியே இருக்க வேண்டும்.

சப்ளை டேங்க் ஒன்றின் கொள்ளளவு ஐம்பது கிலோவுக்கும் குறைவு. இரண்டு என்ஜினும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 200 கிலோ எரிக்கும். கணக்குப் போட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. திருச்சியிலிருந்து பிள்ளையார்பட்டி வந்து ஒரு சுற்றுச் சுற்ற அவ்வளவு நேரம்தானே ஆகும்! இரண்டாவது என்ஜின் முந்திக்கொண்டு நின்றதும் தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே நொடியில் நின்றுவிடக் கூடாது என்று அதன் டேங்கைக் கொஞ்சம் சிறியதாக வைத்திருக்கிறார்கள்.

சரி, பம்புகள் ஏன் ஓடவில்லை? விமானியின் தலைக்கு மேலே இருக்கும் மேல் பலகையில் பிரைம் பம்ப் சுவிட்சுகளும் டிரான்ஸ்ஃபர் பம்ப் சுவிட்சுகளும் ஒரே கூட்டமாக இருக்கும். பிரைம் பம்ப் என்ஜினைக் கிளப்ப மட்டும்தான். கிளம்பிய பிறகு என்ஜின் தன் சொந்த பம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும், பிரைமை அணைத்துவிடலாம். அணைக்கப் போன கை பக்கத்துச் சுவிட்சில் பட்டிருக்கலாம். இன்னொரு சந்தேகம், ஆன்–ஆஃப் இரண்டுக்கும் ஒரே பொத்தானை டாகிளாக வைத்திருக்கிறீர்களா? பம்ப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தல் அதை அணைத்துவிடும். நான் இதில் ஒரு சாயங்காலம் முழுவதையும் தொலைத்தவன். ஆன் தனியாக, ஆஃப் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்த பிறகும் ஒரு பொறி பாக்கி இருக்கிறது. மெயின் டேங்கில் எரிபொருள் குறைந்த பிறகு, காற்றில் ஒரே இடத்தில் நிற்கும்போது ஹெலிகாப்டரின் மூக்கு தூக்கியிருப்பதால் எரிபொருள் பின்னால் ஒதுங்கும். முன் பம்ப் வெறுமனே சுற்றும், எச்சரிக்கை வரும், நீங்கள் அதை அணைப்பீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரை அணைப்பது போலத்தான், அது சரி. அப்புறம் வேகமெடுத்தால் மூக்கு தாழும், எரிபொருள் முன்னால் ஓடும். இப்போது பின் பம்ப் எச்சரிக்கும், அதையும் அணைப்பீர்கள். முன் பம்பைத் திரும்பப் போட மறந்திருந்தால் இரண்டும் ஆஃப். நிற்பதும் நகர்வதுமாக நெடுநேரம் பறக்கும் போலீஸ் ஹெலிகாப்டர் மாதிரியான வேலைகளில் இது எளிதில் நேரும்.

நிஜத்திலும் ஒரு முறை பம்புகள் அணைந்திருந்தன. 2013 நவம்பர் 29 இரவு, ஸ்காட்லாந்து போலீசின் ஈசி135 ஒன்று கிளாஸ்கோவில் ஒரு மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். மெயின் டேங்கில் 70 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்தது, டிரான்ஸ்ஃபர் பம்புகள் இரண்டும் ஆஃபில் இருந்தன. ஒரு என்ஜின் நின்று 32 நொடியில் மற்றதும் நின்றது. சுவிட்சுகள் ஏன் அந்த நிலையில் இருந்தன என்பதை விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை.

அடுத்த முறை கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து எரிபொருள் திரையைப் பாருங்கள். மெயின் இறங்கி, சப்ளை இரண்டும் நிரம்பியிருந்தால் நல்லது. மெயின் அசையாமல் சப்ளை இறங்கினால் உடனே மேல் பலகைக்குக் கை போகட்டும். சப்ளை டேங்கின் ‘லோ ஃப்யூயல்’ விளக்கு எரிந்துவிட்டால், மெயினில் எரிபொருள் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு பம்பையும் போடுங்கள். இரண்டு விளக்குமே அணைய மறுத்தால் பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். கீழே காலி வயலுக்கா பஞ்சம்?

எல்லா இரட்டை என்ஜின் ஹெலிகாப்டருக்கும் இதையே பொருத்திப் பார்க்காதீர்கள். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரோடு சேர்ந்தே வரும் சிகோர்ஸ்கி எஸ்-76-இல் பொதுத் தொட்டி கிடையாது. இடது என்ஜினுக்கு இடது டேங்க், வலதுக்கு வலது. அவசரத்தில் ஒன்றின் டேங்கிலிருந்து மற்றது எடுத்துக்கொள்ள கிராஸ்ஃபீட் உண்டு. ஈசி135-இல் அந்த கிராஸ்ஃபீட் நெம்புகோலைத் தேடாதீர்கள், அங்கே உங்களைக் காப்பாற்றுவது டிரான்ஸ்ஃபர் பம்ப் மட்டும்தான்.