வலையில் வந்தது பாம்பா, விலாங்கா?

மண்டபம் வாசகர்: வலையில் நீளமாக ஒன்று நெளிந்தால் விலாங்கா, கடல்பாம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டும் ஒரே இனமா?

கை வைக்காமல், நாலடி தள்ளி நின்று முதலில் கழுத்தைப் பாருங்கள். விலாங்கு மீனுக்கும் அதன் வகையான அஞ்சாலைக்கும் தலைக்குப் பின்னால் இருபக்கமும் செவுள் துளை உண்டு. உடம்பு செதில் தெரியாமல் வழவழவென்றிருக்கும். கடல்பாம்புக்குச் செவுள் கிடையாது. வால் துடுப்புக்கட்டை போலப் பக்கவாட்டில் தட்டையாகி, நுனிவரை செதில் மூடியிருக்கும். தட்டை வாலைப் பார்த்து மீன் என்று முடிவு செய்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

நீரில் நெளிந்து நீந்துவதால்தான் இந்த ஒற்றுமை; உறவால் அல்ல. விலாங்கின் வழியும் பாம்பின் வழியும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாமும் பாம்பின் பக்கத்தில்தான் இருக்கிறோம். அதற்கு விலாங்கைவிட மனிதனே நெருங்கிய சொந்தம். கடல்பாம்பு நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்த குடும்பத்தில், ஆஸ்திரேலிய நிலப்பாம்புகளுக்கு நெருங்கிய கிளை. தரையில் இருந்து வந்ததால் இன்றும் நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. அந்த ஒற்றை நுரையீரல் ஏறக்குறைய உடம்பு முழுக்க நீளும். நாக்கின் கீழே உப்பை வெளியேற்றும் சுரப்பி இருக்கிறது. நம் கடலில் இருப்பவை குட்டி போடுபவை, ஆகவே முட்டையிடக் கரை தேவையில்லை. வயிற்றுச் செதில் சிறுத்துவிட்டதால் மணலில் ஊர முடியாமல் துவண்டு கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். நீண்ட கம்பால் தள்ளிக் கடலில் விடுங்கள்.

கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் போகலாம். சில மணி நேரத்தில் தசைவலி, கை கால் விறைப்பு, சிறுநீர் கறுப்பது என்று தொடரும். விஷம் தசையைச் சிதைக்க, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ‘கடல்பாம்பு’ என்று சொல்ல மறக்க வேண்டாம். இந்தியாவின் வழக்கமான விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கானது மட்டுமே.

தொண்டி வாசகி: ஊரணியில் தவளை கத்துகிறது. நூறடி தள்ளி இருக்கும் கடலில் ஒன்றுகூட இல்லையே?

தவளையின் தோலில் செதில் இல்லை. நீர் அதன் வழியே உள்ளேயும் வெளியேயும் போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தவளையின் ரத்தம் அதைவிட மிகவும் நீர்த்தது என்பதால், கடலில் விழுந்தால் உடம்பின் நீர் வெளியே இழுக்கப்பட்டு வற்றிப்போகும். முட்டைக்கும் ஓடு இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் நண்டுத்தின்னித் தவளையோ யூரியாவை ரத்தத்திலேயே தேக்கி உவர்நீரைச் சமாளிக்கிறது.

ஐப்பசி மழையில் திடீரெனத் தோன்றும் தவளைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மண் தோண்டும் வகைகளுக்குப் பின்னங்காலில் மண்வெட்டி போன்ற புடைப்பு உண்டு. அதனால் பின்பக்கமாகவே புதைந்து, கோடை முழுவதும் ஈரமண்ணில் கிடந்தவை அவை.

கீழக்கரை வாசகர்: ஆமை பல்லிக்குச் சொந்தமா, முதலைக்கா?

மரபணு முதலையையும் பறவையையும்தான் காட்டுகிறது. மண்டையோட்டில் கன்னப்பொட்டுத் துளை இல்லாததால் ஊர்வனவற்றிலேயே ஆகப் பழைய கிளை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஓடு எப்படி வந்தது என்பதற்கு, சீனாவில் கிடைத்து 2008இல் விவரிக்கப்பட்ட ஒடோன்டோகெலிஸ் என்ற ஆமைப் புதைபடிவம் நல்ல சாட்சி. சுமார் 22 கோடி ஆண்டுப் பழமையான அதற்கு வாயில் பல், வயிற்றில் முழு ஓடு. முதுகிலோ அகன்ற விலா எலும்புகள் மட்டும். அந்த விலாவும் முதுகெலும்பும் சேர்ந்ததே மேலோடு. கடலாமைகளில் ஏழுவரி ஆமைக்கு மட்டும் தோல் போர்த்திய முதுகு.

விலா இறுகிப்போனதால் ஆமை நெஞ்சை விரித்து மூச்சு விட முடியாது. வயிற்றுத் தசைகள்தான் நுரையீரலை இயக்குகின்றன. எனவே வலையில் மூச்சடங்கி வந்த பங்குனி ஆமையை மல்லாத்தி வயிற்றை அமுக்காதீர்கள், உடனே கடலில் தள்ளவும் வேண்டாம். குப்புறவே வைத்து, பின்பக்கத்தை 15 சென்டிமீட்டராவது உயர்த்தினால் நுரையீரல் நீர் வடியும். நிழலில் ஈரத்துணி போர்த்துங்கள், மூக்கை மூடக்கூடாது. நாலு மணி நேரத்திலிருந்து ஒரு நாள்வரை பொறுத்துப் பாருங்கள். நன்றாக அசையத் தொடங்கியதும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கத்தில் மெல்ல இறக்குங்கள்.