குளிர்கால விருந்து: தட்டைச் சூடு பண்ணுங்க, ஹீட்டரைக் குறைங்க

அக்கா, இந்தக் குளிர்ல எட்டு பேரை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டேன். வீடு சின்னது, தட்டு கூட ஒரே செட்டா இல்ல, ஆனா பார்க்க அழகா எலிகன்ட்டா இருக்கணும்னு ஆசை. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

லைட்ல இருந்து ஆரம்பிங்க. கடைக்கு ஓட வேண்டாம், முதல்ல சீலிங்ல எரியற அந்த வெள்ளை லைட்டை அணைங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. மேல இருந்து அடிக்கற வெள்ளை வெளிச்சத்துல எல்லார் கண்ணுக்குக் கீழயும் நிழல் விழுந்து, வந்தவங்க ஆறு நாள் தூங்காத மாதிரி தெரிவாங்க. அதுக்குப் பதிலா மூலைக்கு ஒண்ணா ரெண்டு மூணு டேபிள் லேம்ப் வைங்க, பல்ப் டப்பால 2700 கெல்வின்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது மஞ்சள் கலந்த வெளிச்சம். மெழுகுவர்த்தி இன்னும் மஞ்சள், 1900 கெல்வின் பக்கம்தான் வரும், அதான் அந்த வெளிச்சத்துல எல்லாருமே கொஞ்சம் அழகாயிடறாங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, சாப்பாட்டு மேஜையில வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம். நீங்க மூணு மணி நேரம் அடுப்புல நின்னு கொண்டுவந்த வாசனையை லாவண்டர் வந்து தின்னுட்டுப் போயிடும். வேணும்னா வாசல் பக்கம் ஒண்ணு வைங்க. அப்புறம் நடுவுல வைக்கற பூ, செடி எதுவா இருந்தாலும் முழங்கையை மேஜைல ஊனி உள்ளங்கையில தாடையைத் தாங்கிப் பாருங்க, அந்த தாடை உயரத்துக்கு மேல போகக்கூடாது. எதிர்ல இருக்கறவங்க முகத்தை இலைக்கு நடுவுல தேடித்தேடிப் பேசறது என்ன விருந்து?

தட்டு செட்டா இல்லாதது ஒரு குறையே இல்லங்க. துணி ஒரே நிறமா இருந்தா போதும், மேஜை விரிப்பும் நாப்கினும் ஒரே கலர்ல போட்டுட்டீங்கன்னா மேல எட்டு விதத் தட்டு இருந்தாலும் வேணும்னே பண்ணின மாதிரி இருக்கும். ஆனா இடம் முக்கியம், ஒருத்தருக்கு 60 சென்டிமீட்டர் அகலமாவது கணக்கு பண்ணுங்க, அதுக்குக் கீழ போனா முழங்கை இடிச்சுக்கிட்டேதான் சாப்பிடணும். மேஜை பத்தலைன்னா ஸ்டூல் மேல பலகை போட்டு நீட்டி துணியை விரிச்சு மூடிடுங்க, யாரும் தூக்கிப் பார்க்க மாட்டாங்க.

போன தடவை ஹீட்டரை ஃபுல்லா வெச்சிருந்தேன். அரை மணி நேரத்துல எல்லாரும் ஸ்வெட்டரைக் கழட்டிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்க. தப்பு எங்க?

விருந்தாளிங்களையே நீங்க கணக்குல எடுக்கலம்மா. சும்மா உட்கார்ந்திருக்கற ஒரு ஆள் உடம்புல இருந்து கிட்டத்தட்ட 100 வாட் சூடு வெளிய வருது. எட்டு பேர்னா 800 வாட், ஒரு சின்ன ஹீட்டரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கற மாதிரி. கூடவே அடுப்பு, மெழுகுவர்த்தி, சூப்பு ஆவி. அதனால வீட்டை முன்னாடியே நல்லா சூடு பண்ணிட்டு, அவங்க வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஹீட்டரைக் குறைங்க. அப்பவே ஒரு பத்து நிமிஷம் ஜன்னலை அகலமாத் திறந்து மூடிடுங்க, சுவரும் சாமானும் பிடிச்சு வெச்சிருக்கற சூடு அப்படியே இருக்கும், காத்து மட்டும் மாறிடும். வந்து உட்காரும்போது லேசா குளிர்றா மாதிரி இருந்தா அதுதான் சரியான அளவு. நாற்காலி முதுகுல ரெண்டு மூணு சால்வையைப் போட்டு வைங்க, குளிர் தாங்காதவங்க கேட்காமலே எடுத்துப்பாங்க, பார்க்கவும் நல்லா இருக்கும். ஜன்னலை ஒட்டின நாற்காலி உங்களுக்கு, நீங்கதான் அடிக்கடி எழுந்து நடக்கறவங்க.

இதோட சேர்த்து ஒண்ணு, சிரிக்கற விஷயம் இல்ல. சூழல் நல்லா இருக்கும்னு கரி அடுப்பை, பார்பிக்யூவை வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைக்காதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ஆளைக் கொல்லும். லேசா தலைவலி, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், சாப்பிட்ட மயக்கம்னு நினைச்சுப்பாங்க. ஜன்னலைத் திறந்து வெச்சாலும் பாதுகாப்புன்னு நம்ப முடியாது.

நான் சமைச்சது எல்லாமே மேஜைக்கு வர்றதுக்குள்ள ஆறிப்போயிடுது. எல்லாத்தையும் சூடா கொடுக்கணும்னு போராடி நான் கிச்சன்லயே இருக்கேன்.

இந்தக் கதை என் சொந்தக் கதை. முதல் முதலா நான் ஆள் கூப்பிட்டப்போ அஞ்சு ஐட்டம், அஞ்சும் கடைசி நிமிஷத்துல பண்ண வேண்டியது, உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுது எனக்கு, யார் என்ன சொல்லிச் சிரிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, சாப்பாடும் ஆறித்தான் போச்சு.

ஆறிப்போறதுக்கு சமையல் காரணம் இல்ல, தட்டுதான். குளிர்ல அலமாரியில இருந்த பீங்கான் தட்டு சில்லுன்னு இருக்கும், சாப்பாட்டைப் போட்டதும் அதுல இருக்கற சூட்டை உறிஞ்சிடும். ஓவன் இருந்தா 60, 70 டிகிரி செல்சியஸ்ல பத்து நிமிஷம் தட்டை அடுக்கி வைங்க (தங்கக்கோடு போட்டது, பழசு, கீறல் விட்டது வேண்டாம்). ஓவன் இல்லையா, வெந்நீர்ல முக்கி எடுத்துத் துடைச்சுடுங்க, சூப் கிண்ணத்துக்கு வெந்நீரை ஊத்தி வெச்சு பரிமாறும்போது கொட்டிட்டா போதும். இதை ஒரு தடவை பண்ணிப் பாருங்க, அப்புறம் விடமாட்டீங்க.

அடுத்தது மெனு. சூடா இருக்க வேண்டியது ரெண்டே ரெண்டு ஐட்டம், மத்தது எல்லாம் ரூம் சூட்டுல நல்லா இருக்கறதா வைங்க. சூப்பு ஒண்ணு, தண்ணி நிறைய இருக்கறதால அது சீக்கிரம் ஆறாது, நல்ல ஃப்ளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டா நீங்க மறந்தே போகலாம். ரெண்டாவது மெதுவா வேகற குழம்பு மாதிரி ஒண்ணு. இறைச்சின்னா சப்பையா மெல்லிசா இருக்கறது வேண்டாம், தசைநார் நிறைய இருக்கற முரட்டுத் துண்டு வாங்குங்க, சின்ன தீயில மூடி போட்டு ரெண்டு மூணு மணி நேரம் வெந்தா அதுல இருக்கற கொலாஜன்ங்கற புரதம் கரைஞ்சு ஜெலட்டினாகி சாறு கெட்டியா பளபளன்னு வரும். சைவத்துக்கு காளான், அப்புறம் கேரட், பீட்ரூட் மாதிரி மண்ணுக்குள்ள விளையறது, எல்லாத்துக்கும் அதே முறைதான், நேரம் மட்டும் குறைவு. இதோட பெரிய வசதி என்னன்னா முந்தின நாளே பண்ணிடலாம், மறுநாள் ருசி ஒண்ணு சேர்ந்து இன்னும் நல்லா இருக்கும். ஆனா பெரிய பானையை அப்படியே ராத்திரி பூரா அடுப்பு மேல விட்டுடாதீங்க, குளிர்காலம்தானேன்னு ஏமாந்துடாதீங்க, வீட்டுக்குள்ள சூடாத்தானே இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள தட்டையான பாத்திரங்கள்ல பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க, மறுநாள் கொதி வர்ற வரைக்கும் சூடு பண்ணுங்க, அப்புறம் மேஜைக்குப் போற வரைக்கும் 60 டிகிரிக்குக் கீழ இறங்காம பார்த்துக்கோங்க.

இனிப்பு காலையிலேயே முடிஞ்சு ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். பெல் அடிக்கும்போது உங்க கையில கரண்டி இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என் கண்டிஷன்.

பாதி பேர் மது குடிக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஜூஸ் பாட்டிலை நீட்டினா ஏதோ குழந்தைங்க மாதிரி ஆயிடுது. என்ன கொடுக்கலாம்?

ஒரு லிட்டர் ஆப்பிள் ஜூஸ், ஒரு பட்டை, நாலஞ்சு கிராம்பு, ஒரு ஆரஞ்சுத் தோல் (உள்ள இருக்கற வெள்ளைப் பகுதி வேண்டாம், கசக்கும்). கொதிக்க விடாம சின்ன தீயில இருபது நிமிஷம். கிராம்பைத் தாராளமாப் போட்டீங்கன்னா பல் டாக்டர் ரூம் வாசனை வந்துடும், ஜாக்கிரதை. இதையே எல்லாருக்கும் வரவேற்புக்குக் கொடுங்க, குடிக்கறவங்க குடிக்காதவங்கன்னு வாசல்லயே பிரிக்க வேண்டாம். குளிர்ல வந்தவங்க கைக்கு சூடான கப் ஒண்ணு கிடைச்சா அதுக்கப்புறம் நீங்க என்ன போட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.

மேஜை விரிப்புல மெழுகு கொட்டிடுச்சு.

சூடா இருக்கும்போது தேய்க்காதீங்க. ஃப்ரீசர்ல வெச்சு இறுகவிட்டு சுரண்டுங்க, மீதிக்கு மேலயும் கீழயும் பிரவுன் பேப்பர் வெச்சு மிதமான சூட்டுல அயர்ன் பண்ணுங்க, பேப்பர் இழுத்துக்கும்.

சாப்பாடு எல்லாம் சரி அக்கா, பேச்சுதான் வரமாட்டேங்குது. ஆளாளுக்கு போனைப் பார்க்கறாங்க.

எட்டு பேரைத் தாண்டினா ஒரே பேச்சா ஓடாது, தானா ரெண்டு மூணு குழுவா உடையும், அது இயல்பு, விட்டுடுங்க. ஜோடியா வந்தவங்களைப் பக்கத்துல பக்கத்துல உட்கார வைக்காதீங்க, அவங்க வீட்டுல பேசிக்கட்டும். நல்லாப் பேசறவரை நடுவுல போடுங்க, கூச்சப்படறவரை ஓரத்துல தள்ளாதீங்க, உங்க பக்கத்துல வெச்சுக்கோங்க. பாட்டு சத்தம் குறைவா, சாதாரண குரல்ல பேசினா கேட்கற அளவுக்கு. சாப்பாட்டைத் தட்டுல போட்டுக் கொண்டுவந்து வைக்காம பெரிய கிண்ணத்துல நடுவுல வைங்க, "அதைக் கொஞ்சம் இங்க தள்ளுங்க"ன்னு கேட்க ஆரம்பிச்சா கையில போன் நிக்காது.

எங்க மாமா ஒருத்தர் எப்பவும் அரை மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கறார், நான் நைட்டியில இருப்பேன். என்ன பண்ண?

கையில தீப்பெட்டியைக் கொடுத்து மெழுகுவர்த்தி எல்லாம் ஏத்தச் சொல்லுங்க. பன்னிரண்டு இருந்தா நல்லது, ஏத்தறதுக்கு முன்னாடி திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டணும், அப்பத்தான் புகையாதுன்னும் சொல்லி ஒரு கத்தரிக்கோலையும் கொடுங்க. நீங்க புடவை மாத்திட்டு வர்றதுக்கு நேரம் தாராளமா இருக்கும்.