'அன்னா கரேனினா' நாவலில் எதற்கு இத்தனை ஜோடிகள்?

1875இல் ரஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோய் தொடராகத் தொடங்கிய இந்த நாவலில் இருப்பது இணைக்கதை, அதாவது பல குடும்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவது. ஒரு ஜோடி மட்டும் இருந்தால் எதோடு ஒப்பிடுவது? மும்பை மாட்டுங்காவில் பொது வராந்தா வைத்த பழைய கட்டடத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழும்போதுதானே நம் வீட்டு நிலவரம் புரிகிறது, அது மாதிரி. ஸ்டீவா மனைவி டாலிக்குத் துரோகம் செய்கிறான். சமாதானம் பேச வருபவள் அவன் தங்கை அன்னா, பிறகு அவளே கணவனை விட்டு விரான்ஸ்கி என்ற ராணுவ அதிகாரியோடு போகிறாள். அண்ணன் வழக்கம்போல விருந்துக்குப் போய்வருகிறான், தங்கையை ஓபரா அரங்கில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் நாவலின் உயிரே இந்த இடம்தான். இன்னொரு ஜோடி, ஸ்டீவாவின் நண்பன் லெவினும் டாலியின் தங்கை கிட்டியும், மேஜையில் சாக்கட்டியால் வார்த்தைகளின் முதல் எழுத்தை மட்டும் எழுதியே மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். அதனால் அவர்கள்தான் குறையில்லாத ஜோடி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் லெவின் பொறாமையில் ஒரு விருந்தாளியையே வீட்டை விட்டு அனுப்புகிறான்.