ஜப்பானிய மொழி எங்கே படிப்பது? நிஷி கசாய்க்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

“அக்கா, டோக்கியோ நிஷி கசாய்க்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அவருக்கு ஐடி வேலை, நான் டிபெண்டென்ட் விசா. கோவையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு வரும் ஏப்ரலில் முதல் வகுப்பு. எனக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வருடத்துக்கு 8 லட்சம் யென் கேட்கும் ஒரு பள்ளியில் சேரட்டுமா, இல்லை ஆங்கிலத்தில் சொல்லித்தரும் வகுப்பாகப் பார்க்கட்டுமா? பிறகு இங்கே வேலைக்குப் போக முடியுமா?” என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பதில். அந்த 8 லட்சத்தை இப்போது கட்ட வேண்டாம். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் வகுப்பும் உங்களுக்கு வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளி உங்களிடம் சொன்ன விலை பெரும்பாலும் மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கான படிப்பின் விலை. நேபாளம், சீனா, வியட்நாம், இலங்கை என்று எங்கெங்கிருந்தோ வரும் இளைஞர்கள் அதில்தான் சேருகிறார்கள். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று நான்கு சேர்க்கை, அதிகபட்சம் இரண்டு வருடம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். வருகைப் பதிவு குறைந்தால் அவர்கள் விசாவுக்கே ஆபத்து. அந்தப் படிப்பு பல்கலைக்கழகத்திலோ தொழிற்கல்லூரியிலோ நுழைவதைக் குறிவைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு விசா ஏற்கெனவே கையில் இருக்கிறது. எந்தப் பள்ளியும் உங்களுக்கு விசா வாங்கித்தர வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு மட்டும் சேரலாம், பிடிக்காவிட்டால் மாறலாம். இவ்வளவு சுதந்திரம் இருக்கும்போது, அது இல்லாதவர்களுக்காக வகுத்த திட்டத்துக்கு முழு விலை ஏன் கொடுக்க வேண்டும்?

நான் கொடுத்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 14 வருடங்களுக்கு முன் ஸ்டேஷன் வாசலில் இருந்த ஒரு பெரிய பள்ளியில், ஆங்கில வழி வகுப்பில், ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிச் சேர்ந்தேன். வகுப்பில் 12 பேர், அதில் எட்டுப் பேர் சீனாவிலும் தைவானிலும் இருந்து வந்தவர்கள். ஆசிரியை ‘கவனம்’ என்பதற்கான இரண்டு கான்ஜியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தை, பலகையில் எழுதுவார். அவர்கள் பார்த்ததுமே பொருளைப் பிடித்துவிடுவார்கள், உச்சரிப்பை மட்டும் கற்றால் போதும். எனக்கு அது இரண்டு கோலம். எந்தக் கோடு முதலில் வரும் என்று எண்ணி முடிப்பதற்குள் பலகை அழிந்திருக்கும். வகுப்பு பெரும்பாலோரின் வேகத்தில்தான் போகும், அதில் ஆசிரியையின் தவறு ஒன்றுமில்லை.

அந்த நான்காவது மாதத்தில் ஒரு நாள் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. என் மகன் முதல் வகுப்பு. புத்தகப்பையில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து வாரத்துக்கு ஐந்தாறு தாள் வரும், அதில் ஒன்று என்று ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். அது எல்லாக் குழந்தையும் இரண்டு ‘ஸோகின்’ கொண்டுவர வேண்டும் என்ற தாள். ஸோகின் என்றால் தரை துடைக்கும் தைத்த துணி. இங்கே பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பார்கள். வகுப்பில் அவன் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து, “அம்மா, உனக்குப் படிக்கத் தெரியாதா?” என்று கேட்டான். நான்கு மாதம் பள்ளிக்குப் போயும் அந்த ஒற்றை வார்த்தை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அடுத்த வாரமே நின்றுவிட்டேன், மீதிப் பணத்தைக் கேட்கலாம் என்றுகூடத் தெரியாமல்.

கேட்கலாம். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொழி வகுப்புக்கான ஒப்பந்தம் இரண்டு மாதத்தைத் தாண்டி, தொகையும் 50,000 யென்னைத் தாண்டினால் அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த நாளிலிருந்து எட்டு நாளைக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இங்கே அதைக் ‘கூலிங் ஆஃப்’ என்றே சொல்வார்கள். அதற்குப் பிறகும் நடுவில் நிறுத்தலாம். வகுப்பு தொடங்கிய பின் அவர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய இழப்பீடு 50,000 யென் அல்லது மீதித் தொகையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான். தகராறு வந்தால் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். முன்பணம் மொத்தமாகக் கட்டுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2007-இல் நோவா என்ற மிகப்பெரிய ஆங்கிலப் பேச்சுப் பள்ளி நொடித்துப்போனபோது, முன்பணம் கட்டியிருந்த ஏராளமானோர் பணத்தையும் வகுப்பையும் சேர்த்து இழந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஜப்பானியர்களே இன்றும் தலையை ஆட்டுவார்கள். எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் பருவத்துக்குப் பருவம் கட்டுங்கள்.

இப்போது ஆங்கில வழி விஷயம். நமக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், அதனால் அது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஜப்பானிய இலக்கணம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு எவ்வளவோ பக்கம். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு மாதிரி சொல்லுக்குப் பின்னால் ஒட்டு வரும். ‘வதாஷி மோ’ என்றால் ‘நானும்’, அந்த ‘மோ’ நம் ‘உம்’ செய்யும் வேலையையே செய்கிறது. ‘தபேதே மிரு’ என்பதை ஆங்கிலத்தில் விளக்க என் ஆசிரியை அரை மணி நேரம் பாடுபட்டார். தமிழில் அது ‘சாப்பிட்டுப் பார்’, அவ்வளவுதான். மிரு என்றால் பார். ‘கைதே ஒகு’ என்றால் ‘எழுதி வை’, ஒகு என்றால் வை. ‘கோரே, ஸோரே, அரே’ என்று மூன்று சுட்டு வரும்போது வெள்ளைக்காரர்கள் திணறுவார்கள். யாழ்ப்பாணத் தோழி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், “இது, உது, அது, இதில் என்ன கஷ்டம்?” என்றாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாம் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘போயிட்டு வரேன்’ என்போம். இவர்களும் ‘இத்தே கிமாஸ்’ என்கிறார்கள், சொல்லுக்குச் சொல் அதேதான். உள்ளே இருப்பவர் ‘இத்தேரஷ்ஷாய்’ என்பார், ‘போயிட்டு வாங்க’. முதல்முறை பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் அதைச் சொன்னபோது ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

ஓனோ ஸுஸுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிற நமக்கு லாபம். அந்த லாபத்தை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போய்த் தொலைக்கக் கூடாது. ஜப்பானிய மொழியை ஜப்பானிய மொழியிலேயே சொல்லித்தரும் வகுப்பில் உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் காது அடைத்த மாதிரி இருக்கும். பிறகு மனசுக்குள் நேராகத் தமிழில் புரிய ஆரம்பிக்கும்.

நமக்குக் கஷ்டம் எழுத்துதான். ஹிராகனா, கடகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசை, ஒவ்வொன்றிலும் 46 எழுத்து, இதைப் பள்ளியில் போய்க் கற்க வேண்டாம், வீட்டிலேயே மூன்று வாரத்தில் முடியும். ரோமன் எழுத்தில் அச்சிட்ட பாடப்புத்தகத்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் பழகினால் ரயில் நிலையப் பலகையைக்கூட வாசிக்க முடியாது. கான்ஜி வேறு கதை. பொதுப் பயன்பாட்டுக்கு அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. எனவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “கான்ஜி தெரியாத நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா? என் நிலை வகுப்பில் இப்போது எந்தெந்த நாட்டவர் இருக்கிறார்கள்?” நல்ல பள்ளி உடனே பதில் சொல்லும். நேபாளத்தவரும் இலங்கையரும் பாதி இருக்கும் வகுப்பு நமக்குப் பொருத்தம்.

அடுத்தது நேரம். பள்ளிகள் அதிகம் இருப்பது தகதனோபாபா, ஷின்ஜுகு பக்கம். நிஷி கசாயிலிருந்து தோஸாய் லைனில் நேராகத் தகதனோபாபா போய்விடலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த ரயிலில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? டோக்கியோவிலேயே நெரிசலுக்குப் பேர்போன வழித்தடம். மகள் யோச்சியெனில், அதாவது மழலையர் பள்ளியில், இருந்தால் இரண்டு மணி வாக்கில் அழைத்துவர வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வகுப்பென்றால் ஓடி வந்து சேர்வதற்குள் உயிர் போகும், ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய நான்கு பாடவேளையும் போய்விடும். பெரிய பெயரைவிட, நீங்கள் விடாமல் போய்வர முடிகிற தூரம்தான் முக்கியம் என்பேன். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கான காப்பகமான ஹோய்குயென் முயல்கிறீர்கள் என்றால், பள்ளியில் படிப்பதையும் ஒரு காரணமாக ஏற்பார்களா என்று குயாகுஷோவில், அதாவது உங்கள் வட்டார நகராட்சி அலுவலகத்தில், முன்கூட்டியே கேளுங்கள். பள்ளி தரும் சான்றிதழின் வகையைப் பொறுத்தது அது.

அதே குயாகுஷோவில் இன்னொன்றும் கேளுங்கள்: தன்னார்வலர் நடத்தும் ஜப்பானிய வகுப்பு. வாரம் ஒரு முறை, ஒன்றரை இரண்டு மணி நேரம், இலவசம் அல்லது பெயருக்கு ஒரு தொகை. ஓய்வுபெற்றவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும் சொல்லித்தருவார்கள். பலர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்ல, இலக்கணத்தில் தெளிவு கிடைக்காது. ஆனால் பள்ளித் தாளை எடுத்துக்கொண்டு போய் மேசையில் விரித்தால் வரிவரியாகப் படித்துக் காட்டுவார்கள். ஸோகின் கதைக்குப் பிறகு என்னைக் காப்பாற்றியது அப்படி ஒரு வகுப்புதான். அங்கே எனக்குச் சொல்லித்தந்த அம்மா, முதல் நாளே ‘கொண்டுவர வேண்டியவை’ என்பதற்கான எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, “தாளில் முதலில் இதைத் தேடு” என்றார். என் கான்ஜிப் படிப்பு அந்த வட்டத்தில் தொடங்கியது.

என் யோசனை இதுதான். இப்போதிருந்து மூன்று மாதம் தன்னார்வலர் வகுப்பு, வீட்டில் ஹிராகனா, கடகானா. கூடவே ஜப்பான் பவுண்டேஷன் வெளியிட்டிருக்கும் ‘இரோதோரி’ பாடநூல். இங்கே வாழ்கிறவர்களுக்காகவே எழுதியது, ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு, அரிச்சுவடி முடித்தவராக, ஒரு நல்ல பள்ளியில் மூன்று மாதப் பருவத்துக்குச் சேருங்கள். ஒன்றும் தெரியாமல் போய், 46 எழுத்துக்கு அவ்வளவு பணம் கொடுப்பதைவிட இது நல்லது. தனி ஆசிரியர் வகுப்பு ஒரு மணிக்கு 3,000 யென்னிலிருந்து 6,000 வரை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் அது தேவையில்லை.

பள்ளியின் தரத்தைப் பார்க்க இப்போது ஒரு வழி வந்திருக்கிறது, எங்கள் காலத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கல்வி அமைச்சே மொழிப் பள்ளிகளை ஆராய்ந்து அங்கீகரிக்கிறது, ஆசிரியர்களுக்கும் தேசியத் தகுதி உண்டு. பட்டியலை அமைச்சு இணையத்தில் வெளியிடுகிறது. அங்கீகாரம் மூன்று வகைப் படிப்புக்கு: மேற்படிப்பு, வேலை, அன்றாட வாழ்க்கை. பெரும்பாலான பள்ளிகள் முதல் வகைதான். மூன்றாவதான ‘செய்கட்சு’ வகை அருகில் கிடைத்தால் அதை முதலில் போய்ப் பாருங்கள். பழைய பள்ளிகளுக்கு 2029 மார்ச் வரை அவகாசம் இருப்பதால், பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒன்றை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

எங்கே போனாலும் ‘தாய்கென்’ கேளுங்கள், அதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆசிரியர் எவ்வளவு பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியர் மட்டுமே பேசுகிற வகுப்பு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாதிப் பேர் மேசையில் தலைவைத்துத் தூங்கினாலும் அப்படியே. பாவம், இரவு வேலை முடித்து வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்த வகுப்பு நகராது.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிபெண்டென்ட் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அக்கவுண்ட்ஸ் மாதிரி அலுவலக வேலைக்குப் பல இடங்களில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்-2 நிலை கேட்பார்கள். அது அடுத்த வருடக் கவலை. ஜூலையிலும் டிசம்பரிலும் அந்தத் தேர்வு நடக்கும், முதல் தடவை அடிநிலையான என்-5 எழுதுங்கள், சுமார் 100 கான்ஜி போதும். உங்கள் மகள் முதல் வகுப்பில் படிக்கப்போவது 80. ஒரே வருடத்தில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். நூறு யென் கடையில் குழந்தைகளுக்கான ஹிராகனா எழுத்துப் பயிற்சி நோட்டு இருக்கும். இரண்டாக வாங்குங்கள்.

எந்தப் பள்ளியானாலும் ஒப்பந்தத்தில் முத்திரை குத்துவதற்கு முன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்ற வரி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் படித்துச் சொல்கிறேன்.